பண்ணை வீடும் பந்தாட்டப் பிள்ளைகளும்

ஒரு பள்ளியின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? முதல் மதிப்பெண் பெற்ற மாணவியைக் கொண்டா? அல்லது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவள் பத்து ஆண்டுகள் கழித்து எப்படி வாழ்கிறாள் என்பதைக் கொண்டா? நாளிதழ்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடும். பெற்ற தாயும் பொறுப்புள்ள ஆசிரியையும் இரண்டாவது கேள்வியையும் சேர்த்தே கேட்பர். பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கும் எந்த இடத்துக்கும் இக்கேள்வி பொருந்தும். பெரிய கால்பந்துக் கழகங்கள் நடத்தும் இளையோர் பயிற்சிக் கூடங்களுக்கோ மிகமிகப் பொருந்தும்.

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் ஐரோப்பியக் கால்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். நான் எழுதப் புகுந்தது ஆட்ட நுணுக்கங்களைப் பற்றியன்று. ஒரு விடுதியைப் பற்றி. வீட்டை விட்டு வந்து அங்கே தங்கி, காலையில் பள்ளிக்கும் மாலையில் மைதானத்துக்கும் போகும் பிள்ளைகளைப் பற்றி. விடுதி வாழ்வை அறிந்த மாணவியருக்கும், விடுதியைக் காத்து வரும் அருட்சகோதரியருக்கும், பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த பெற்றோருக்கும் இதில் அந்நியமானது ஒன்றும் இல்லை.

அந்த விடுதியின் பெயர் லா மாசியா. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில், 1899-ஆம் ஆண்டு தோன்றிய பார்சலோனா கால்பந்துக் கழகத்துக்கு உரியது. காத்தலான் மொழியில் ‘மாசியா’ என்றால் பண்ணை வீடு.

கல் வீட்டின் கதை

1702-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய கல் வீடு அது. 1957-இல் அதன் அருகே கழகத்தின் மாபெரும் விளையாட்டரங்கமான கேம்ப் நூ எழுந்தது. அரங்கம் கட்டிய காலத்தில் அவ்வீடு கட்டடக் கலைஞர்களுக்குப் பணிமனையாயிற்று. பின்னர் கழகத்தின் அலுவலகமாயிற்று. 1979-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் இல்லமாயிற்று. 2011-இல் பிள்ளைகள் நகருக்கு வெளியே சன் ஜோவான் டெஸ்பீ என்னும் இடத்தில் உள்ள புதிய கட்டடத்துக்கு மாறினர். ஆயினும் பெயர் மாறவில்லை. இன்று ‘லா மாசியா’ என்றால் அந்த விடுதியை மட்டுமன்றி, கழகத்தின் இளையோர் அணிகள் அனைத்தையுமே அது குறிக்கிறது.

அவ்வணிகள் ஓர் ஏணியைப் போன்றவை. பத்து வயதுக்கு உட்பட்டோர்க்கு ஓர் அணி, பன்னிரண்டுக்கு உட்பட்டோர்க்கு ஒன்று, பிறகு பதினான்கு, பதினாறு, பத்தொன்பது என வயதுக்கேற்பப் படிகள் உண்டு. அதற்கு மேல் இரண்டாம் அணி. உச்சியில், உலகமே பார்க்கும் முதல் அணி. 1988 முதல் 1996 வரை முதல் அணியின் பயிற்றுநராக இருந்த யோஹான் கிரைஃப் என்னும் டச்சுக்காரர், முதல் அணி எப்படி ஆடுகிறதோ அப்படியே சின்னஞ்சிறுவர் அணியும் ஆட வேண்டும் என்றார். பந்தை வீணாக உதைத்து விரட்டாமல், தோழனுக்குக் கொடுத்து, மீண்டும் வாங்கி, இடம் பார்த்து நகரும் ஆட்டம் அது. எட்டு வயதில் கற்ற பாடமே இருபது வயதிலும் உதவுமாறு வைத்தார்கள். ஆரம்ப வகுப்பில் ஒரு முறை, உயர் வகுப்பில் வேறொரு முறை என்று குழப்பாமல் பாடம் சொல்லித் தருவதற்கு ஒப்பானது இது.

இந்தப் பயிற்சி பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயின் சார்பில் முதலில் களமிறங்கிய 11 பேரில் 6 பேர் இந்தக் கழகத்தின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். வெற்றிக்கான ஒரே கோலை அடித்த ஆந்த்ரேஸ் இனியெஸ்டா அவர்களுள் ஒருவர். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான 2010-ஆம் ஆண்டின் தங்கப் பந்து விருதுக்கு, இறுதியில் எஞ்சிய மூவர் மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி. மூவரும் இக்கூடத்தின் பிள்ளைகளே. 2012 நவம்பர் 25 அன்று லெவான்டே அணிக்கு எதிரான ஆட்டத்தில், ஒருவர் காயமுற்று வெளியேற, மாற்று ஆள் உள்ளே வந்தார். அந்நேரம் பார்சலோனாவுக்காக மைதானத்தில் நின்ற 11 பேரும் இந்த இளையோர் அணிகளில் பயின்றவர்கள்! விலை கொடுத்து வீரர்களை வாங்கிக் குவிக்கும் காலத்தில் இது அருஞ்செயல் அன்றோ!

எழுதப்படாத கணக்கு

இங்கே நிறுத்திவிட்டால் நம் கட்டுரை இன்னொரு புகழ்மாலையாகிவிடும். ஆகவே, மாலையில் தொடுக்கப்படாத பூக்களையும் பார்ப்போம்.

ஒரு வயதுப் பிரிவில் 20 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பிரிவுகளில் 200 பேர். முதல் அணியில் இருப்போரோ ஏறத்தாழ 25 பேர். அவர்களிலும் பலர் பிற கழகங்களிலிருந்து வருபவர்கள். ஓர் ஆண்டில் இரண்டு மூன்று இடங்கள் காலியானால் அதுவே பெரிது. மீதிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஒவ்வோர் ஆண்டும் பருவத்தின் முடிவில், ஏணியின் ஒவ்வொரு படியிலும் சிலர் இறக்கி விடப்படுகிறார்கள். பயிற்றுநர் தீயவர் என்பதால் அன்று. ஏணியே அப்படி அமைந்துள்ளது. மேலே போகப் போகக் குறுகும் ஏணியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் இறங்கியே ஆக வேண்டும்.

இனி, இறக்கி விடுவோரின் தீர்ப்பாவது தவறாதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 2012-இல் லெவான்டேக்கு எதிராக நின்ற அந்த 11 பேரில் ஒருவர் ஜோர்தி ஆல்பா. இதே கழகம் 2005-இல் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் சிறிய கழகம் ஒன்றில் சேர்ந்து, பின்னர் வலென்சியாவுக்குச் சென்று, ஸ்பெயின் நாட்டு அணியிலும் இடம் பிடித்தார். 2012-இல் அதே பார்சலோனா 1 கோடியே 40 லட்சம் யூரோ கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. தன் வீட்டில் இருந்ததைத் தெருவில் விட்டுவிட்டு, பிறகு சந்தையில் விலை பேசிய கதை!

ஆல்பா திரும்பி வந்தார். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு, பதினான்கு வயதில் உடல் வளர்ச்சி பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். பல நாடுகளின் இளையோர் அணிகளை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டிருக்கிறார்கள். வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கினால், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தோர் அணிகளில் மிகுதியாக இருக்கிறார்கள். ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தோர் குறைவாக இருக்கிறார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்குத் திறமை குறைவு என்று இறைவன் விதித்ததுண்டா? பதினொரு மாத வளர்ச்சியைத் திறமை என்று எண்ணி மயங்குகிறோம், அவ்வளவே. வகுப்பறையிலும் இந்த மயக்கம் உண்டு என்பதை ஆசிரியைகள் அறிவர்.

ஆகவே என் கருத்து இதுதான். இத்தகைய கூடத்தை அது உருவாக்கிய நட்சத்திரங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நேர்மையன்று. நட்சத்திரமாகாமல் வெளியேறிய பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? அதுவே சரியான அளவுகோல்.

பந்தும் புத்தகமும்

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், லா மாசியாவைப் பாராட்ட ஒரு காரணம் உண்டு. அங்கே தங்கும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றே தீர வேண்டும். பயிற்சி பள்ளி நேரத்தை விழுங்குவதில்லை. பள்ளி முடிந்த பிறகே மைதானம். ஸ்பெயினில் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

2024-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகள் ஜெர்மனியில் நடந்தபோது, ஸ்பெயின் அணியில் லமீன் யமால் என்னும் 16 வயதுச் சிறுவன் இருந்தான். லா மாசியாவில் தங்கி வளர்ந்தவன். ஆட்டங்களுக்கு இடையே விடுதி அறையில் அமர்ந்து பள்ளிப் பாடம் எழுதினான். போட்டிகள் முடியுமுன்னரே, கட்டாயக் கல்வியின் இறுதி ஆண்டில் தேறிவிட்டான் என்ற செய்தியும் வந்தது. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக ஒரு கோல் அடித்தான். 17-ஆம் பிறந்த நாளுக்கு மறுநாள் கோப்பையை ஏந்தினான். கோலை உலகம் கொண்டாடியது. நான் வீட்டுப் பாடத்தையும் சேர்த்துக் கொண்டாடுவேன். கோடிகள் காத்திருக்கும் காலுக்குச் சொந்தக்காரனுக்கே படிப்பு வேண்டும் என்றால், அடுத்த ஆண்டு அணியில் இடம் கிடைக்குமா என்று அறியாத பிள்ளைக்கு அது எவ்வளவு வேண்டும்!

படிப்போடு பரிவும் வேண்டும். இனியெஸ்டா தம் 12-ஆம் வயதில், 1996-இல், ஃபுவென்டெயால்பியா என்னும் சிற்றூரிலிருந்து இந்த விடுதிக்கு வந்தார். பெற்றோர் விட்டுச் சென்ற பின் தேம்பி அழுத இரவுகளைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். உலகக் கோப்பையை வென்று தந்த காலுக்கும் ஒரு காலத்தில் தாய்மடி தேவைப்பட்டது. அழுகின்ற பிள்ளையின் அருகில் அமர ஓர் ஆள் இருந்தால்தான் அது விடுதி. இல்லாவிடில் வெறும் கிடங்கு.

அனுப்பி வைக்கும்போதும் அந்தப் பரிவு நிற்க வேண்டும். இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் கழகம் 2021-இல் ஒரு நல்ல ஏற்பாட்டை அறிவித்தது. 18 வயதுக்கு மேல் தன் இளையோர் அணியிலிருந்து விடுவிக்கப்படுவோர்க்கு, மூன்று ஆண்டுகள் வரை வேறு அணியோ படிப்போ வேலையோ தேடிக்கொள்ளத் துணைநிற்கும் என்றது. கோப்பை வென்றதைவிட இது சிறிய செய்தியாகவே வெளிவந்தது. ஆனால் வாசலில் நின்று அழும் பிள்ளையின் தோளில் விழுந்த கை அது. இதை எல்லாக் கழகங்களும் கட்டாயக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

எல்லை கடந்து வந்த சிறுவர்

பார்சலோனாவுக்கும் தலைகுனிவு நேர்ந்ததுண்டு. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகம் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது, சில விலக்குகள் நீங்கலாக, உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்திருந்தால் மட்டுமே பெரும்பாலும் அனுமதி உண்டு. வேலை தேடும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை விலைபேசிக் கொண்டு போய், பயன்படாதபோது அந்நிய நகரத்தில் கைவிடும் கொடுமையைத் தடுக்கவே இவ்விதி வந்தது. இவ்விதியை 10 சிறுவர் விஷயத்தில் மீறியதாக, 2014 ஏப்ரலில் பார்சலோனாவுக்கு 4,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும், அடுத்தடுத்த இரண்டு வீரர் மாற்றக் காலங்களில் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடையும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

கழகம் தன் பக்க நியாயத்தைச் சொல்லாமல் இல்லை. “இங்கே பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் மருத்துவமும் தருகிறோம், நாங்களா பிள்ளைகளைச் சுரண்டுபவர்கள்?” என்று அது வாதாடியது. மெஸ்ஸியைச் சுட்டிக்காட்டுவோரும் உண்டு. 2000-ஆம் ஆண்டு, விதி இறுக்கமாவதற்குச் சற்று முன், 13 வயதில் ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரிலிருந்து வந்தவர் அவர். வளர்ச்சிக் குறைபாட்டுக்கான செலவுமிக்க மருத்துவத்தைக் கழகமே ஏற்றது. விதி அன்றே இருந்திருந்தால் உலகம் மெஸ்ஸியை இழந்திருக்குமே என்பது அவர்கள் கேள்வி.

நல்ல கேள்விதான். ஆனால் விதிகள் மெஸ்ஸிக்காக எழுதப்படுவதில்லை. மெஸ்ஸி ஆகாத பிள்ளைக்காக எழுதப்படுகின்றன. நல்ல விடுதிக்கு விலக்கு அளித்தால், நல்ல விடுதி என்று சொல்லிக்கொள்ளும் எல்லாருக்கும் கதவு திறந்துவிடும். மேலும், பெரியவர்கள் விதியை மீறினார்கள்; தண்டனையின் சுமையோ பிள்ளைகள் தலையிலும் விழுந்தது. சிலர் 18 வயதாகும் வரை முறையான போட்டிகளில் ஆட முடியாமல் காத்திருந்தனர். ஜப்பானியச் சிறுவன் தகெஃபுசா குபோ, 2011-இல் வந்தவன், 2015-இல் தாய்நாடு திரும்ப நேரிட்டது. பின்னாளில் மீண்டும் ஸ்பெயினுக்கு வந்து புகழ்பெற்றார் என்பது மகிழ்ச்சியே. ஆயினும், பெரியோர் செய்த பிழைக்கு 13 வயதில் பெட்டி கட்டியது அந்தப் பிள்ளையல்லவா?

சகோதரிக்குத் திறவாத கதவு

மாணவியரே, இனிச் சொல்லப்போவது உங்களுக்குரியது.

1979-இல் ஆண் பிள்ளைகளுக்குத் திறந்த அந்த விடுதிக் கதவு, பெண் பிள்ளைகளுக்கு எப்போது திறந்தது தெரியுமா? 2021-இல். இடையே 42 ஆண்டுகள்! கழகம் மகளிர் கால்பந்தைத் தன் முறையான பிரிவாக ஏற்றதே 2002-இல்தான்.

ஐதானா பொன்மத்தி என்னும் வீராங்கனையைப் பாருங்கள். சிறு வயதில் தன் ஊர்ப்பக்கத்து அணிகளில் பையன்களோடு பையன்களாக ஆடினாள். 2012-இல் பார்சலோனாவின் இளையோர் அணியில் சேர்ந்தாள். அவளுக்கு அந்த விடுதியில் கட்டில் இல்லை. தந்தை துணைக்கு வர, பள்ளி முடிந்ததும் ரயிலிலும் பேருந்திலும் நகருக்குப் போய், பயிற்சி முடித்து, இரவில் வீடு திரும்பினாள். அதே வயதுப் பையன் உண்டு உறங்கி ஓய்வெடுத்த நேரத்தில் அவள் வண்டியில் அமர்ந்திருந்தாள். அந்தப் பெண்தான் 2023-இல் ஸ்பெயினுக்கு மகளிர் உலகக் கோப்பை கிடைக்கக் காரணமானவர்களுள் முன்னணியில் நின்று, போட்டியின் சிறந்த ஆட்டக்காரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தங்கப் பந்து விருதையும் பெற்றார்.

“பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள்?” என்பது பழைய ஏளனம். 2022 ஏப்ரல் 22 அன்று, பார்சலோனா மகளிர் அணி கேம்ப் நூவில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணியுடன் ஆடியதைப் பார்க்க 91,648 பேர் திரண்டனர். ஏளனத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆயினும், கதவு அடைபட்டிருந்தும் வென்றார்களே என்று சொல்லி, அடைபட்ட கதவை நியாயப்படுத்திவிடக் கூடாது. உடன் வரத் தந்தைக்கு நேரமில்லாத பெண், ரயில் நிலையம் இல்லாத ஊரில் பிறந்த பெண், இரவுப் பயணத்துக்கு வீட்டார் ஒப்பாத பெண் ஆகியோர் அந்த 42 ஆண்டுகளில் எத்தனை பேர்? அவர்கள் தகுதியின்மையால் நின்றவர்கள் அல்லர். ஒரு கட்டில் இல்லாததால் நின்றவர்கள். திறமையைப் போற்றுகிறோம் என்று மேடையில் பேசுவது எளிது. ஒரு அறையும், ஒரு வேளை உணவும், பாதுகாப்பான பயணமும் ஏற்பாடு செய்வதே உண்மையான போற்றுதல்.

மூன்று கேள்விகள்

பெற்றோரே! உங்கள் மகளையோ மகனையோ, விளையாட்டுக்கோ இசைக்கோ வேறு எந்தக் கலைக்கோ ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்க்க நினைக்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் வெற்றியாளர் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். பயிற்சியோடு படிப்பு நடக்கிறதா? பிள்ளை தேறாவிட்டால் அதை யார், எப்படிச் சொல்லி, அதன்பின் என்ன துணை செய்வார்கள்? மகனுக்குக் கிடைக்கும் அதே வசதி மகளுக்கும் உண்டா? இவற்றுக்கு நேரான பதில் தரும் இடம், ஒரு நட்சத்திரத்தையும் உருவாக்காவிட்டாலும் நல்ல இடமே. பதில் தராத இடம், நூறு கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாலும் பிள்ளைக்கு ஏற்றதன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேறாத பிள்ளை முதலில் பார்ப்பது பயிற்றுநரின் முகத்தையன்று, பெற்றோரின் முகத்தையே. அங்கே வருத்தம் தெரிந்தால், “என் ஆட்டம் போதவில்லை” என்று எண்ணாது. “நான் போதவில்லை” என்றே எண்ணிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு உணர்த்துவதே வீட்டின் வேலை.

நம் ஆண்டவர் சொன்ன நல்லாயன் உவமையை நாம் அறிவோம். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற் போனால், தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான் ஆயன். கால்பந்து உலகமோ இந்த உவமையைத் தலைகீழாக நடத்துகிறது. ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, தொண்ணூற்றொன்பதைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறது. அந்த ஒன்றை இறக்கிவிடச் சொல்லவில்லை. மெஸ்ஸியும் இனியெஸ்டாவும் பொன்மத்தியும் வாழ்க! ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பதுக்கும் பெயர் உண்டு, தாய் உண்டு, நாளை என்று ஒன்று உண்டு. அதை மறவாத கூடமே பிள்ளைகளை வளர்க்கும் தகுதி பெற்றது. பந்து உருண்டு போய்விடும்; பிள்ளை அல்லவா நிலைத்து நிற்க வேண்டும்!